கையெழுத்துப் போடாதவள்

என் ஓரகத்தியை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அவள் முகமல்ல, கழுத்தில் தொங்கிய அட்டைதான். நீல நாடாவில் கோத்து, உள்ளே அவள் படத்தை வைத்து, மேலே மழை படாமல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றி வேலியில் மாட்டுவாள். மாடு கறக்க உட்கார்ந்தாலும் அது மார்பில் ஆடிக்கொண்டிருக்கும். "அதைக் கழட்டி வச்சுட்டுக் கறடி, மாடு மிரளுது" என்பேன். "மாடு மிரளலைக்கா, நீங்கதான் மிரளுறீங்க" என்பாள். மாடு மிரளவில்லை என்பது உண்மைதான்.

நாங்கள் இருவரும் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். நான் மூத்தவர் சம்சாரம், அவள் இளையவர் சம்சாரம். மாமனார் போன பிறகு நடுவில் சுவர் எழுப்பி வீட்டைப் பிரித்துக்கொண்டோம், கொல்லை மட்டும் பொதுவாகக் கிடந்தது. நான் இதே ஆற்றுப் பாசனத்தில் பிறந்து, இதே ஆற்றுப் பாசனத்துக்கு வந்தவள். அவள் பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்புக்காரி. வந்த புதிதில் சேற்றில் கால் வைக்கவே யோசிப்பாள். வயலில் அவள் நட்டுவிட்டுப் போன வரிசையைப் பார்த்தால் கொக்கு நடந்துபோன மாதிரி இருக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். சுருக்கென்று தைக்கிற மாதிரி ஒன்றைச் சொன்னாலும் தைக்காது.

அவள் சிரிப்பு ஓய்கிற நாள் ஒன்று இருந்தது, பொங்கலுக்கு முதல் நாள். அன்று என் தம்பி சீர் கொண்டு வருவான். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், வாழைத்தார், மேலே எனக்கொரு புடவை. தெருவில் திரும்பும்போதே ஹாரன் அடிக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். அவள் அப்பா இறந்த பிறகு அண்ணன்மார் தோப்பை எழுதி வாங்கிக்கொள்ள அவளைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனார்கள். விடுதலைப் பத்திரம் என்று பெயர். எனக்கு வர வேண்டிய பங்கு வேண்டாம், உடன்பிறந்தவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று பெண் எழுதிக் கொடுப்பது. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று மத்தியானம் அண்ணன் தம்பியோடு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, ஒரு பட்டுப்புடவையோடு வீடு திரும்புவார்கள். இவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பிறகு பேசிப் பேசித் தன் பங்கு மரங்களைத் தனியாக அளந்து வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அண்ணன்மார் இந்த வாசலை மிதிக்கவில்லை. வருஷா வருஷம் என் கரும்பில் ஒன்றை ஒடித்துச் சுவருக்கு மேலாக அவளிடம் நீட்டுவேன். அன்பாக நீட்டினேன் என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம்.

நான் கையெழுத்துப் போட்டவள். அப்பா நிலத்துக்கு என் தம்பி கேட்டபோது மறு பேச்சுப் பேசவில்லை. கைரேகை எல்லாரிடமும் வாங்குவார்கள். அதற்கு மேல் கையெழுத்து என்று வரும்போது எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் திருதிருவென்று விழிப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம்தான், ஆனாலும் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, கோணாமல் எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அவள் தாய்வீட்டில் மஞ்சளுக்கென்று எழுதிவைத்த மஞ்சக்காணி இரண்டு மா நிலம் இருந்தது. அது மட்டும் அம்மா உயிரோடு இருந்தவரை அப்படியே கிடந்தது. அதற்கும் ஒரு நாள் தம்பி வந்து நிற்பான், அதற்கும் ஒரு பட்டு வரும் என்று நான் நினைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் தஞ்சாவூரிலிருந்து வக்கீலம்மா வந்தார். பெண்களுக்கான சட்டம் ஊரில் எப்படி நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிற இடத்தில் வேலை என்றார். என் மகள் வயதுதான் இருக்கும். மகளிர் குழுக் கூடுகிற அன்று கோயில் வாசலில் எங்களோடு உட்கார்ந்து, பத்திர ஆபீசில் வாங்கிய நகல்களைப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டினார். 'உடன்பிறந்தவர்கள்பால் உள்ள அன்பினால், யாருடைய தூண்டுதலும் இன்றி, மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்.' அடுத்ததிலும் அதே வரி. பெயர் மாறியது, ஊர் மாறியது, அந்த வரி மாறவில்லை.

"இத்தனை பேரும் ஒரே மாதிரியாவா பேசியிருப்பீங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா. "சட்டத்துல ஆணுக்கும் பொண்ணுக்கும் சம பங்கு. பத்திரத்தைப் பாத்தா, பொண்ணுங்க எல்லாரும் சந்தோஷமா வேண்டாம்னு சொன்ன மாதிரி இருக்கு. அதைக் காட்டி, குறையே இல்லைங்கறாங்க. அதனால நீங்க உங்க வாயால என்ன சொன்னீங்களோ அதை எழுதிக்க வந்திருக்கேன். நிறைய பேர் சொன்னாத்தான் மேல போய்ப் பேச முடியும்."

யாருக்கு அண்ணன் தம்பி நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வந்திருக்கிறார் போலும் என்றுதான் எனக்குப் பட்டது. அதனால் பத்திரத்தன்று தம்பி எடுத்துக்கொடுத்த பட்டுப்புடவையையே உடுத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "நான் மனசாரத்தாங்க குடுத்தேன். என் தம்பி என்னைக் குறை வச்சதில்லை" என்று முதல் ஆளாகச் சொன்னேன். வக்கீலம்மா எழுதி, எழுதியதை எனக்கே படித்துக் காட்டி, சரியா என்று கேட்டுக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அவ்வளவுதான். கடைசியில், வயலிலிருந்து ஈரச் சேலையோடு வந்து பின்னால் நின்றுகொண்டிருந்த என் ஓரகத்தி வாயைத் திறந்தாள்.

"எனக்கு அதை யாரும் படிச்சுக் காட்டலைங்க. படிங்கன்னேன். அந்தப் பத்திரம் எழுதுறவரு படிச்சாரு. மனப்பூர்வமான்னு வந்துச்சு. இல்லையேன்னேன். எந்திரிச்சு வந்துட்டேன்."

வக்கீலம்மாவின் பேனா நின்றுவிட்டது. தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த மாதிரி என்னை யாரும் பார்த்ததில்லை, கல்யாணப் பந்தலில்கூட. ஊரே எத்தனையோ வருஷமாக எவளைப் பார்த்து அண்ணன் வாசல் இல்லாதவள் என்று உச்சுக் கொட்டியதோ, அவளைப் பார்த்து ஒரு படித்த பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பட்டுப்புடவை உடம்பில் கசகசவென்று ஒட்டியது.

மறுவாரமே வக்கீலம்மா அவள் வீட்டுக்கு வந்து, உள்ளே உட்காரவைத்துத் தனியாகப் பேச வைத்து எழுதிக்கொண்டார். சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு கிரைண்டர் சத்தம்தான் கேட்டது. அதன் பிறகுதான், அவர்கள் இடத்து ஆள் என்று காட்டுகிற அந்த அட்டை அவள் கழுத்துக்கு வந்தது. வக்கீலம்மா போகிற ஊருக்கெல்லாம் இவளும் பஸ் ஏறினாள். புது ஆள் வந்து பத்திரத்தைப் பற்றிக் கேட்டால் எந்தப் பெண் பேசுவாள்? இவள் போய் அவர்களோடு உட்கார்ந்து புளியோ முருங்கைக்கீரையோ ஆய ஆரம்பித்துவிடுவாளாம். அண்ணன் பெண்டாட்டி பக்கத்தில் நின்றால் மோர் கேட்டு உள்ளே அனுப்பிவிடுவாளாம். கையெழுத்துப் போட்டீங்களா என்று கேட்க மாட்டாளாம். "அன்னைக்கு எந்த ஹோட்டல்ல சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்பாளாம். என்ன சாப்பிட்டோம் என்று ஆரம்பித்தவர்கள், தொண்டையில் இறங்கியதா இறங்கவில்லையா என்று சொல்லி, மிச்சத்தையும் தாங்களே சொல்லிவிடுவார்களாம். அந்தக் கேள்வியை வக்கீலம்மா தன் தாளில் முதல் கேள்வியாக அச்சடித்து, தஞ்சாவூர், திருவாரூர் எல்லாம் அதையே வைத்துக் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது இங்கேதான். பத்திரத்தன்று ஹோட்டலுக்குப் போனவள் நான். ரவா தோசை வந்ததும், தம்பி எனக்கென்று இன்னொரு காபி சொன்னதும், எத்தனையோ வருஷமாக அவளிடம் சொன்னவள் நான். அவள் அந்த வாசல் வழியாகக்கூடப் போனதில்லை. என் வாய்ப் பேச்சை எடுத்துக்கொண்டு போய் அவள் பெயர் வாங்கினாள்.

அவர்கள் சேகரித்ததை எல்லாம் அதிகாரிகள் முன்னால் வைக்கிற கூட்டம் தஞ்சாவூரில் நடந்தது. நானும் போனேன், அழைக்காமலே. ஏசி போட்ட ஹாலில் பெரிய திரையில், எத்தனை பேர் என்று கணக்குக் காட்டுகிற படமாக, இரண்டு கட்டைகளைக் காட்டினார்கள். ஒன்று பனைமரம் மாதிரி மேலே மேலே போனது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெண்கள் அதற்குள் இருப்பதாகச் சொன்னார் வக்கீலம்மா. பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு இன்னொன்று. பங்கு வாங்கிக்கொண்டவர்கள் அதில். அந்தப் பெரிய கட்டைக்குள் என்னைத் தேடினேன். உள்ளே எங்கேயோ நெரிசலில், பட்டுப்புடவையோடு, கோணாமல் எழுதிய கையெழுத்தோடு, ஒரு முகமும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். குட்டைக் கட்டைக்குள் அவள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிகாரி ஒருவர், இனிமேல் பத்திரத்தை அந்தப் பெண்ணுக்குத் தனியாகப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்கச் சொல்லி மேலே எழுதுகிறோம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பார்ப்பார்களே.

போன ஐப்பசி மழையில் அவள் காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. எனக்குப் பெயர் தெரியாத ஊர்களிலிருந்து பெண்கள் நனைந்துகொண்டே வந்து நின்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எங்கள் வழக்கத்தில் பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டு வந்து மேலே போட வேண்டும். கோடி என்போம். அவளுக்குக் கோடி போட யார் வரப்போகிறார்கள் என்று ஊர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோது, பேராவூரணியிலிருந்து ஒரு கார் வந்து, அதிலிருந்து அண்ணன்மார் இரண்டு பேரும் இறங்கினார்கள். பெரியவர் சேலையை அவள்மேல் விரித்துவிட்டுப் பாடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் தோப்புக்குப் பக்கத்துலதானடி உன் மரமெல்லாம் நின்னுச்சு, ஒரு மட்டை விழுந்ததுக்குக்கூட என்கிட்ட சண்டைக்கு வந்ததில்லையே" என்றார். நான் அவள் கால்மாட்டில் நின்றிருந்தேன். தோப்பையும் வாங்கிக்கொண்டாள், கோடியையும் வாங்கிக்கொண்டாள். ஒன்றை விட்டால்தான் ஒன்று என்று எனக்கு யார் சொன்னது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அதற்கு முந்திய வருஷமே போய்விட்டாள். ஆகவே பொங்கல் கழிந்ததும் என் தம்பி தாம்பாளத்தில் பட்டுப்புடவையும் பழமும் வைத்துக்கொண்டு, எழுதி முடித்த பத்திரத்தோடு வந்தான்.

"நாளைக்குக் காலையில மன்னார்குடி போயிட்டு வந்துடலாம்க்கா. வண்டி கொண்டாறேன்."

"அதைப் படி."

"வழக்கமா எழுதுறதுதாங்க்கா."

"வழக்கமா எழுதுறதையே படி."

அவன் படித்தான். மனப்பூர்வமாக என்ற இடம் வந்தது. இல்லையே என்று அவள் சொன்ன சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினேன். அவள் சொன்னதை நான் ஏன் சொல்ல வேண்டும்? "எனக்கு ஒரு மா அளந்து விடு. வாய்க்கால் பக்கமா இருக்கணும், முதல்ல பாயுற தலைமடைத் தண்ணி எனக்கு" என்றேன்.

அவன் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தான். "அந்தப் பேராவூரணிக்காரி செத்தும் உன்ன விடலையா? எல்லாம் அவ சொல்லிக் குடுத்ததுதானே?"

"அவ யாருடா எனக்குச் சொல்லிக் குடுக்க? இது என் புத்தி."

"அப்ப இனிமே நான் வந்து போறதுல அர்த்தம் இல்லை."

"உன் இஷ்டம்" என்றேன். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனான். நாளைக்கு எனக்குக் கோடி போட அவன் வருவானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கு வந்தார்கள் என்பதால் எனக்கும் வருவார்கள் என்று என்ன நிச்சயம்? சித்திரையில் சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். தம்பி வரப்பில் நின்றான், என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் வாய்க்கால் பக்கத்தைத்தான் விட்டான். இந்தக் குறுவைக்கு அதில் என் பெயரில் நாற்று நட்டிருக்கிறது.

சேதி எப்படியோ தஞ்சாவூர் போய், வக்கீலம்மா சென்ற வாரம் வந்தார். கையெழுத்துப் போட மறுத்தவர்களை மட்டும் பார்த்து, ஏன் மறுத்தார்கள் என்று எழுதுகிறார்களாம். தாளில் காரணங்களை அச்சடித்திருந்தார்கள். சட்டம் தெரிந்ததாலா, வக்கீல் சொன்னதாலா, வீட்டில் கஷ்டமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அதெல்லாம் இல்லைங்க. பொறாமை" என்றேன்.

"யார் மேலம்மா?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. அவளுக்கு இருந்துச்சு, எனக்கு இல்லை. நான் மூத்தவ."

அதற்குக் கட்டம் இல்லை என்று சொல்லிச் சிரித்தார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளையில் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. சரிதான் என்றேன். ஆனால் கேட்கும்போது ரொம்பச் சின்னதாக இருந்தது.

"அன்னைக்கு அவ உள்ள உக்காந்து சொன்னாளே, அது இதைவிட நீளமா இருந்துதா?"

"ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்றதில்லைம்மா."

"செத்தவ சொன்னதைக்கூடவா?"

"அவங்க சொன்னதும்தான்."

பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டி, பூட்டிக் கிடக்கும் அவள் வீட்டைத் தாண்டித் தெருவில் நடந்தார். நான் எழுந்து வெளியே வந்து கூப்பிட்டேன். இன்னும் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி என் எதிரே உட்கார்ந்தார்.