கீழே ஒரு ஆள்

ஏணி இன்னும் விரிந்தபடியே நின்றது. மூன்றாம் மாடியில், அப்பாவின் வாசலுக்கும் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் வாசலுக்கும் நடுவில் உள்ள நடையில். தம்பி அதைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தானே தவிர, மடிக்கவில்லை. அப்பா போய் ஒன்பது நாளாகியும் அவனுக்குக் கை வரவில்லை.

மகள் அன்று லீவு போட்டுவிட்டுத் தனியாக வந்தாள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாமான்களைப் பிரித்து வைக்கப் போவதாகத் தம்பியிடம் சொல்லியிருந்தாள். உண்மையில் அவள் வந்தது ஏணிக்காக.

பம்பு செய்யும் தொழிற்சாலையில் அவள் பொறியாளர். உடைந்து திரும்பி வரும் பம்புகளைப் பிரித்துப் பார்த்து, ஏன் உடைந்தது என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுவது அவள் வேலை. விரிசல் எங்கே தொடங்கியது, எது முதலில் நடந்தது, எது பிறகு. அப்பா விஷயத்தில் அந்த ஒரு பக்கத்தை அவளால் எழுத முடியவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான். புதன்கிழமை சாயங்காலம் தம்பி வந்தபோது அப்பா சமையலறைத் தரையில் கிடந்தார். நெற்றியில் காயம். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு டம்ளர். நடையில் ஏணி. அதற்கு மேலே புது பல்பு எரிந்துகொண்டிருந்தது. இதயம் நின்றிருக்கிறது, நிமிஷக் கணக்கில் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். நெற்றிக் காயம் சமையல் மேடையில் மோதியதாகவும் இருக்கலாம், ஏணியிலிருந்து விழுந்து, எழுந்து உள்ளே வந்ததாகவும் இருக்கலாம், இனிமேல் சொல்ல முடியாது என்றார்.

அந்த 'இருக்கலாம்' அவளைப் பிடித்துக்கொண்டது. நடை விளக்கு எரியவில்லை, ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அப்பா மூன்று வாரத்துக்கு முன்பே போனில் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். வேலை வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு என்றாள். அதுவும் போயிற்று. இந்த ஞாயிறு கட்டாயம் என்று அவள் சொன்னது செவ்வாய்க்கிழமை. மறுநாள் அவர் ஏறிவிட்டார்.

கீழே ஒரு ஆள் இல்லாமல் மேலே ஏறக் கூடாது என்பது அவர் விதி. அதை அவர் மீறியிருந்தால், மீற வைத்தது தான்தான் என்று அவள் நினைத்தாள்.

அப்பா முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி நிற்பவனைக் கொல்ல, மேலே யாரோ ஒருவர் விவரம் தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதனால் இறங்கும் முன்பு மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் அவரவர் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டுவார்கள்: ஆள் வேலையில், தொடாதே. மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் அடுத்தவன் அட்டையில் கை வைக்கக் கூடாது.

மற்றவர்கள் அட்டையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். குழாய் ஒழுகினால் அட்டை. அடுப்பு அடைத்துக்கொண்டால் அட்டை. முதலில் அட்டை, பிறகுதான் கருவிப் பெட்டி. நீ ஸ்குரூடிரைவர் தேடிக்கொண்டு வருவதற்குள் இன்னொருத்தன் வந்து கை வைப்பான் என்பார். ஒருமுறை பல்வலி தாங்காமல் தன் கழுத்திலேயே ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்: பேச்சுக் கொடுக்காதே. அப்போது அம்மா இருந்தாள். இதை வருஷம் பூரா மாட்டியிருந்தால் வீடு நன்றாக இருக்கும் என்றாள். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு அட்டைக்காரர் என்றே பெயர் வைத்தார்கள்.

விதிகள் இன்னும் இருந்தன. சாவியை மேஜையில் வைக்காதே, கையில் கொடு. சண்டை போடுவதானால் உட்கார்ந்து போடு. எல்லா ஸ்குரூவும் அதனதன் குழியில் உட்காரும்வரை எதையும் முழுசாக முறுக்காதே. இந்தக் கடைசி விதி தம்பியின் கல்யாணப் பேச்சுவரை போயிற்று. பெண் வீட்டார் மண்டபத்தை இப்போதே முடிவு செய்துவிடலாமா என்று கேட்டபோது, எல்லாவற்றையும் லூசாக வைத்துக்கொள்வோம், கடைசியில் சேர்த்து முறுக்கலாம் என்றார் அப்பா. அவர்கள் ஆடிப்போய்விட்டார்கள். தம்பி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

'பார்த்துட்டேன்' என்ற சொல் அந்த வீட்டில் செல்லாது. கேஸை மூடினாயா என்று கேட்டு, பார்த்துட்டேன் என்று பதில் வந்தால், என்ன பார்த்தே என்பார். நாப் குறுக்கே திரும்பி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் அவளுக்கு அது எரிச்சல். வேலைக்குச் சேர்ந்த பிறகு தன் கீழ் இருப்பவர்களிடம் அவளும் அதையேதான் கேட்டாள். அது எங்கிருந்து வந்தது என்று அப்பாவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

தையல்காரம்மாவோடு வந்த தகராறும் அட்டையால்தான். அந்த அம்மா துணி மூட்டைகளை நடையில் வைப்பார். அப்பா ஒரு மூட்டையில் அட்டை மாட்டினார்: வழியில் இருக்கிறது, எடுக்கவும். மறுநாள் அதே அட்டை அப்பாவின் கதவுக் கைப்பிடியில் தொங்கியது. பின்பக்கத்தில், துணியில் குறி போடும் சாக்கட்டியால், உங்கள் மூக்கும்தான் வழியில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. எழுதியது பரவாயில்லை, என் அட்டையை எப்படிக் கழற்றலாம் என்று அப்பா போனில் பொருமினார். இரண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை.

மகள் ஏணியிலிருந்து தொடங்கினாள். நான்கு காலிலும் ரப்பர் சரியாக இருந்தது. விரிப்புக் கம்பி வளையவில்லை. படிகள் ஆடவில்லை. ஏணியில் குறை இல்லை. விளக்கை அணைத்துவிட்டு ஹோல்டரைப் பார்க்கலாம் என்று வீட்டுக்குள் வந்து, கதவுக்குப் பின்னால் இருந்த சுவிட்சில் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

சிவப்பு அட்டை பக்கத்து ஆணியில் தொங்கியது.

அவர் மேலே இருந்தபோது அது சுவிட்சில் தொங்கியிருக்க வேண்டும். ஆணிக்குத் திரும்பியிருக்கிறது என்றால் அவர் இறங்கி வந்து கழற்றியிருக்கிறார். இல்லையென்றால் தம்பி. அவனுக்குப் போன் செய்தாள்.

"நீ அட்டையைத் தொட்டியாடா?"

"அவர் அட்டையை நான் தொடுவேனாக்கா? எனக்கென்ன பைத்தியமா?"

நெற்றி உடைந்து விழுந்தவர் எழுந்து வந்து அட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருக்க மாட்டார். சாதாரண மனிதர் மாட்டமாட்டார். அப்பா மாட்டினாலும் மாட்டுவார். இது மட்டும் போதாது.

பழைய பல்பைத் தேடினாள். எரிந்துபோன பல்பை அவர் குப்பையில் சும்மா போடுகிறவர் இல்லை, காகிதத்தில் சுற்றித் தனியாக வைப்பார். சமையலறை அலமாரி, கருவிப் பெட்டி, குப்பைக் கூடை, குளியலறை. புது பல்பு வந்த காலி டப்பா கிடைத்தது. பழைய பல்பு எங்கும் இல்லை. அவள் ஏணியைத் திரும்பப் பார்த்தாள். மேலே நிற்பவனுக்கு ஒரு கை ஏணிக்கு, ஒரு கை வேலைக்கு. கழற்றிய பல்பைக் கீழே இருப்பவரிடம்தான் கொடுக்க முடியும். கீழே ஒருவர் இருந்திருந்தால், அது அவரிடம் இருக்கும்.

அந்த மாடியில் இரண்டே வாசல்தான்.

தட்டியதும் உள்ளே தையல் மிஷின் நின்றது. தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"பழைய பல்பு உங்ககிட்ட இருக்கா ஆன்ட்டி?"

அவர் உள்ளே போய் மிஷின் டிராயரைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார்.

"தூக்கிப் போட்டுடாதீங்க, வந்து வாங்கிக்கிறேன்னாரு" என்றார். "வரல."

அன்று காலை பதினோரு மணிக்கு அப்பா கதவைத் தட்டியிருக்கிறார். மன்னிப்பு, சமாதானம் என்று ஒரு பேச்சும் இல்லை. ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும், இந்த மாடியில் நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்றாராம். தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டைக்காரியிடம் ஏணியைக் கொடுக்கிறீர்களே, ஆட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அப்பா யோசித்துவிட்டு, யாரும் இல்லாமல் ஏறுவதற்கு அது தேவலை என்றார். பல்பை மாட்டி, பத்திரமாக இறங்கி, உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் தையல்காரம்மா வாசலுக்கு மேலே இருந்த விளக்கு விட்டு விட்டு எரிவது அவர் கண்ணில் பட்டது. ஏணியை மடிக்க வேண்டாம், தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதையும் மாற்றிவிடுகிறேன் என்று உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"அரை மணி நேரம் இங்கயே நின்னேன்" என்றார் தையல்காரம்மா. "பழைய ரோஷம் திரும்பிடுச்சு போலன்னு நெனச்சேன். எனக்கும் கோவம் வந்துச்சு. கதவைச் சாத்திட்டு மிஷின்ல உட்கார்ந்துட்டேன். ஒரு தடவை தட்டியிருக்கலாம்மா. தட்டல."

இதைச் சொல்ல ஒன்பது நாளாக எதிர்க் கதவுவரை வந்து வந்து திரும்பியிருக்கிறார்.

மகளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னாள்.

"நிமிஷக் கணக்குல முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அரை மணி கழிச்சு நீங்க தட்டியிருந்தா ஒண்ணும் மாறியிருக்காது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்கு மேல தெரியாது."

தையல்காரம்மா அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்தார். மகள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டாள்.

"நான் வரேன் வரேன்னு சொல்லி வரலைன்னு சொன்னாரா?"

"இல்லையே. ஞாயித்துக்கிழமை பொண்ணு வர்றா, வந்ததும் வராததுமா ஏணியைப் பிடின்னு சொன்னா நல்லாவா இருக்கும்னாரு. அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டாரு."

அவள் நடைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவர் தனியாக ஏறவில்லை. கீழே நின்றது அவளும் இல்லை. இரண்டும் உண்மை. ஒரு பக்கம் எழுதினால் இரண்டையும் எழுத வேண்டும்.

தலைக்கு மேலே விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

உள்ளே போய் அப்பாவின் அலமாரியிலிருந்து ஒரு புது பல்பை எடுத்தாள். சிவப்பு அட்டையை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டாள். அது அவருடையது. காலி டப்பாவைக் கிழித்து, தையல்காரம்மாவிடம் சாக்கட்டி வாங்கி, ஆள் வேலையில், தொடாதே என்று எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டாள். தையல்காரம்மா வீட்டு சுவிட்சை அணைத்து அதில் நூலால் கட்டினாள். ஏணியை வாசலுக்கு நேராக இழுத்து வைத்தாள்.

"பிடிச்சுக்கறீங்களா ஆன்ட்டி?"

தையல்காரம்மா இரண்டு கையாலும் பிடித்தார். "இறங்கி உள்ள போனா, இந்தத் தடவை நான் தட்டுவேன். சொல்லிட்டேன்."

மகள் ஏறினாள். பழைய பல்பைக் கழற்றிக் கீழே நீட்டினாள். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. புதியதை மாட்டி இறங்கி, தன் அட்டையைத் தானே கழற்றி, சுவிட்சைப் போட்டாள்.

"நல்லா பார்த்துட்டியா?" என்றார் தையல்காரம்மா.

"நின்னு எரியுது. ஹோல்டர்ல ஒரு பக்கம் கறுத்திருக்கு. அதை மாத்தணும்."

"எப்ப?"

அவள் போனை எடுத்து அந்த வாரத்து வேலைகளைப் பார்த்தாள். ஒன்றை அழித்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு" என்றாள். பிறகு ஏணியை மடித்தாள்.