துப்பாக்கிக்கு வந்த கறுப்புக் கட்டை

இலங்கையில் பதுளைப் பக்கம், நமுனுகுல மலைச்சரிவில் உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் நான் பல வருஷம் காவல்காரனாக இருந்தேன். பெரும்பாலும் காட்டுப்பன்றிக் காவல்தான். மேல் எல்லையில் காடு முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் புதிதாக நட்ட கன்றுகளைப் பன்றி கிண்டிப் போட்டுவிடும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் போட்ட கோவா, கரட், உருளைக்கிழங்கையும் விட்டுவைக்காது. அதற்காகவே தோட்டத்துக்கு ஒரு பழைய ரைபிள் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப் போனது என்பார்கள். அனுமதிப் பத்திரத்தில், இப்போது தோட்டத்தை நடத்தும் எங்கள் துரையின் பெயருக்குக் கீழே என் பெயரும் உண்டு. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தக் காகிதத்தின் போட்டோக் கொப்பியை வீட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தேன்.

காலையில் ஆபீசில் கையெழுத்து வைத்து ரைபிளை வாங்குவேன். பொழுது சாய்ந்ததும் திருப்பிக் கொடுப்பேன். இடையில் மலை ஏறி இறங்குவதுதான் வேலை. சுடுவது மாதத்தில் ஒன்றோ இரண்டோ தடவை. பல நாள் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தாலே போதும், பன்றிக்கூட்டம் காட்டுக்குள் ஓடிவிடும். வெள்ளிக்கிழமையில் நான் சுடுவதில்லை. அது துரைக்கும் தெரியும், பன்றிக்கும் தெரிந்திருக்கும் என்று என் வீட்டுக்காரி சொல்வாள்.

ஆயுத பூசை அன்று தோட்டமே கழுவிச் சுத்தமாகும். தொழிற்சாலை மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், பூ. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துத் தராசு எல்லாம் கோயிலுக்கு வரும். துரையிடம் உத்தரவு வாங்கி நானும் ரைபிளைக் கொண்டுபோவேன். எனக்குச் சோறு போடுவது அதுதானே. மற்றவர்கள் கத்திக்கு ஒரு பொட்டு வைப்பார்கள். நான் ரைபிளைப் பலகையில் படுக்க வைத்து, இரும்புப் பக்கத்தைத் துணியால் மூடிவிட்டு, தோளில் வைத்துப் பிடிக்கும் மரக்கட்டையை மஞ்சள் தண்ணீரால் முழுக்காட்டுவேன். பிறகு கட்டை முழுக்கச் சந்தனம். சாமிக்கு முன் சாத்தியதைத் துடைக்க மனம் வராது. அப்படியே உறைக்குள் வைத்து, மறுநாளும் தொடாமல் விட்டுவிடுவேன். பதினொரு வருஷம் இப்படிச் செய்தேன். மரக்கட்டைதான், ஆனாலும் என் கண்ணுக்கு அது மரமாகத் தெரிந்ததே இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் போயிருக்கும். ஓர் ஐப்பசி மழையில் மேல்மலையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்தேன். ரைபிள் எனக்குக் கீழே மாட்டிக்கொண்டது. வலது தோளெலும்பு முறிந்தது. கட்டையும் பிடிக்கும் கழுத்துப் பகுதியில் இரண்டாகப் போயிற்று. பதுளை ஆஸ்பத்திரியில் தோளைக் கட்டி அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்துத் தோள்கட்டுப் பிரித்த டொக்டர், இனிமேல் இந்தத் தோளில் பாரம் தூக்கக்கூடாது என்றார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. காவலுக்குப் போக முடியாது என்றால் எங்கள் தோட்டத்தில் ஆம்பிளைக்குக் கொடுக்கும் அடுத்த வேலை மருந்து தெளிப்பது. டாங்கியில் மருந்தை நிரப்பி முதுகில் மாட்டினால் பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும். அதை என்னால் தூக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. தோட்டத்துக் கணக்கில் பேரை வெட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். "முருகா, என்னை உட்கார வைச்சிடாதே" என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு படப் புத்தகம் விரித்துக் கிடந்தது. துரையின் தம்பி அவுஸ்திரேலியாவில் இருந்தார். அவர் அனுப்பிய புத்தகம். பக்கம் பக்கமாகத் துப்பாக்கிக் கட்டைகள். நல்ல வால்நட் மரத்தில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று, கறுப்பாகக் காபன் பைபரில் ஒன்று. மூன்றும் நம்முடைய ரைபிளுக்குப் பொருந்தும், எது வேண்டும் என்று யோசித்துச் சொல் என்றார். சுமக்கப்போகிறவன் நீதான் என்றும் சொன்னார். காவலுக்கு வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று அவர் சொல்லாததே எனக்குப் பெரிய ஆறுதல்.

பெரிய கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். புத்தகத்தில் இருந்த இங்கிலீஷை அவர்தான் எனக்கு வாசித்துச் சொன்னார். காபன் பைபர் என்பது நூலைவிட மெல்லிய கரி இழைகளைப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி இறுக்குவதாம். தண்ணீர் குடிக்காது, வெயிலில் வளையாது. பழைய மரக்கட்டை ஒன்றரைக் கிலோ. இது ஒரு கிலோவுக்கும் குறைவு. பிளாஸ்டிக் மலிவு, ஆனால் அழுத்தினால் வளைந்து குழலில் முட்டும், குறி தப்பும் என்றார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் சொன்னது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. துப்பாக்கியை அவர் துவக்கு என்பார்.

"ஒண்டு சொல்லுறன் கேளும். துவக்கு பாரம் குறையக் குறைய உதை கூடும். பாரமான துவக்கு உதையைத் தான் வாங்கிக்கொள்ளும். இது உம்மட்டைத் தந்திடும். அரைக் கிலோ மிச்சம் பிடிக்கப்போய் மற்றத் தோளையும் உடைச்சுப் போடாதையும்."

அது பொய்யில்லை. சுட்டுப் பழகிய எனக்கே தெரியும். கனமான கட்டை என்றால் மலை ஏறத் தோள் தாங்காது. கனம் இல்லாத கட்டை என்றால் சுடும்போது தோள் தாங்காது. வீட்டுக்கு வந்து இதையே சொல்லிச் சொல்லிப் புலம்பினேன். என் வீட்டுக்காரி இருபது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, அரைக் கிலோ வித்தியாசத்தைக் கிளாக்கர் லேசாக நினைத்துவிட்டார் என்றாள்.

"தராசுல அரைக் கிலோ வெட்டுனா நாங்க சும்மாவா இருக்கோம்? ஆபீசுல குந்திக்கிட்டு இருக்கவருக்கு அரைக் கிலோ ஒன்னுமில்ல. ஏத்தத்துல வந்து பாக்கச் சொல்லுங்க."

கூடையின் கனத்தைத் தரையில் வைத்துப் பார்க்கக்கூடாது, மேட்டில் ஏறித்தான் பார்க்க வேண்டும் என்பது கொழுந்துக்காரிகளின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு சாக்குப் பை தைத்தாள். ரைபிள் நீளத்துக்கு ஒடுக்கமாக, தோளில் மாட்ட வார் வைத்து. ஒன்றில் மண்ணை அள்ளிப் போட்டுப் பழைய ரைபிளின் கனத்துக்கு நிறுத்தாள். மற்றதை அரைக் கிலோ குறைத்து நிறுத்தாள். இடது தோளில் மாட்டிக்கொண்டு மேல்மலை எல்லை வரைக்கும் ஏறச் சொன்னாள். இடது தோள் ஓய்ந்தால் வலதுக்கு, வலது வலித்தால் மறுபடி இடதுக்கு என்று மாற்றி மாற்றி ஏறினேன். லயத்துச் சனம் வேடிக்கை பார்த்தது. கதிர்காமத்துக்குக் காவடியா என்று ஒரு பெண் கேட்டாள். இல்லடி, மாப்பிளைக்குப் பரீட்சை என்று என் வீட்டுக்காரி பதில் சொன்னாள்.

கனமான பையோடு நான் விழுந்த கானைத் தாண்ட முடியவில்லை. இரண்டு தோளும் பற்றி எரிந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினேன். மத்தியானம் சாப்பிட்டபின் மற்றப் பையோடு ஏறினேன். மூச்சு வாங்கியது, ஆனால் எல்லைக் கல்லைத் தொட்டுவிட்டேன். கீழே பார்த்தேன். ஹாலிஎல பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கியது.

உதைக்கு என்ன செய்வது என்று இறங்கி வந்து கேட்டேன்.

"தெனம் தொங்குறதுதாங்க ஆளக் கொல்லும். மாசத்துல ஒருக்கா உதைச்சா வாங்கிக்கலாம். ஒங்கள கட்டிக்கிட்டு நான் வாங்கலியா?"

அவளுக்கு நான் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அவள் சொன்னது என் வாயை.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். துரையோ அதற்குள் மரக்கட்டை பக்கம் சாய்ந்திருந்தார். கிளாக்கர் ஐயா உதையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். பழைய கட்டை இத்தனை காலம் உழைத்ததே, நீ விழுந்ததால்தானே உடைந்தது, அதே மரத்தையே போடுவோம் என்றார். அதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது, விழுந்ததால்தான் உடைந்தது என்பது உண்மையாக இருந்தால்.

உண்மை எனக்கு மட்டும் தெரியும். கானுக்குள் கிடந்தபோதே உடைந்த இடத்தைப் பார்த்துவிட்டேன். புது முறிவு வெள்ளையாக இருக்க வேண்டும். உள்ளே பாதிக்கு மேல் கறுத்து ஊறிப் போய், நடுவில் மஞ்சள் கோடு ஓடியிருந்தது. பதினொரு வருஷ மஞ்சள் தண்ணீர் திருகாணி ஓட்டை வழியாக இறங்கி உள்ளுக்குள்ளேயே மரத்தைத் தின்றிருக்கிறது. நான் விழாவிட்டாலும் அது ஒருநாள் சுடும்போது கையில் முறிந்திருக்கும். அதை யாரும் பார்க்காதபடி துணியால் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். பிள்ளையைப் போலப் பார்த்த சாமானை நானே கெடுத்தேன் என்று சொல்ல வெட்கம். சொன்னால் காவல் வேலைக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம் வேறு.

இப்போது மரக்கட்டை வந்தால் என்னால் ஏற முடியாது. ஏறினாலும் அதுவும் ஊறித்தான் போகும். மனதுக்குள் முருகனைக் கும்பிட்டுவிட்டு ஆபீஸ் அலமாரியில் கிடந்த உடைந்த கட்டையை எடுத்து, துணியை அவிழ்த்து மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

துரை உடைந்த பக்கத்தைக் கையால் தடவினார். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். இன்னும் சந்தன வாசம் வருகிறது என்று கிளாக்கர் ஐயாவிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. துரை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இனி பூசை செய்றதை நிப்பாட்டுவியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தில் காரியம் முடிந்திருக்கும். ஏற்கனவே ஒரு பொய்யைச் சுமந்தாயிற்று.

"பூசைய நிப்பாட்ட மாட்டேங்க தொர. தண்ணி ஊத்துறத வேணும்னா நிப்பாட்டிக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சரி, போ என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு மூன்று வாரம் எந்தச் செய்தியும் இல்லை. நாற்று மேடையில் கன்றுப் பைக்கு மண் நிரப்ப என்னை உட்கார வைத்தார்கள். பெண்களோடு உட்கார்ந்து மண் நிரப்புகையில், உட்கார வைச்சிடாதே என்று கேட்டேனே, சாமி இப்படியா காதில் வாங்கியது என்று நினைத்தேன். தைப்பொங்கலுக்கு முதல் நாள் கிளாக்கர் ஐயா அந்தப் பக்கம் நடந்து வந்தார்.

"எழும்பும் காணும். கறுப்புக் கட்டைக்குத்தான் துரை எழுதியிருக்கிறார். அடியில தடிச்ச ரப்பர் வைச்சது. அதை எழுதச் சொன்னது நான், மறந்திடாதையும்."

துரையின் தம்பி விடுமுறைக்கு வந்தபோது முறைப்படி அனுமதிக் கடிதங்களோடு கொண்டுவந்தார். மாசியில் பெட்டி திறந்தோம். தூக்கிப் பார்த்த என் வீட்டுக்காரி, இது துப்பாக்கியா, காய்ந்த பாகற்காயா என்றாள். தட்டினால் மரம் போலக் கேட்காது, வெறுங்கூடை போல ஒரு சத்தம். தொழிற்சாலை பிட்டர்தான் பூட்டினார். குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு கடதாசியை நுழைத்து முனை வரைக்கும் இழுத்துப் பார்த்தார். எங்கும் தட்டாமல் வந்தது. கட்டை மாறினால் குறியும் மாறும் என்று கல்லுடைக்கும் இடத்தில் பலகை நட்டுச் சுண்ணாம்புப் பொட்டு வைத்தோம். முதல் வெடி ஒரு சாண் இடப்பக்கம் போனது. தோளில் உதை விழுந்தது உண்மைதான். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் ரப்பர் வாங்கிக்கொண்டது போக மிச்சம்தான் எனக்கு. குறியைத் திருத்திச் சுட்டதில் மூன்றாவது வெடி பொட்டிலேயே பட்டது.

மறுநாள் காலையில் இடது தோளில் மாட்டிக்கொண்டு மேல்மலைக்குப் போனேன். கானைத் தாண்டும்போது காலைப் பார்த்து வைத்தேன். எல்லைக் கல் வரைக்கும் தோள் மாற்றவில்லை. கீழே கொழுந்து நிரையில் நின்ற என் வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடி குனிந்து எடுத்தாள். பேர் வெட்டும் வயது வரும் வரைக்கும் அந்த ரைபிளோடுதான் நான் நடந்தேன்.

அந்த வருஷ ஆயுத பூசைக்கு ரைபிளுக்கு ஒரே ஒரு சந்தனப் பொட்டு. மறுநாள் காய்ந்த துணியால் துடைத்தேன். கறுப்பில் அடையாளம்கூட இல்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உடைந்த பழைய கட்டையைத் துரையிடம் கேட்டு வாங்கி வீட்டுச் சாமித் தட்டில் வைத்திருந்தோம். என் வீட்டுக்காரி ஒரு செம்பில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்தாள். இதுக்கு ஊத்துங்க, இது இனி மலை ஏறத் தேவையில்லையே என்றாள். ஊற்றினேன். தாராளமாகக் குடித்தது.