நடுவில் இருக்கும் பதினாறு அடி

அப்பா விட்டுப்போன குருசுக்குப்பத்து மனை அறுபதுக்கு நாற்பது அடி. பிள்ளைகள் நாங்கள் நாலு பேர். நீளவாக்கில் ஒரு பாதை, அகலவாக்கில் ஒரு பாதை, இரண்டும் நாலடி அகலம், நடுவில் வெட்டிக்கொள்ளும். மூலைக்கு ஒருவர் வீடு கட்டிக்கொள்வது, பாதை எல்லோருக்கும் பொது என்று முடிவானது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அக்காவே கணக்குப் போடட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பத்திரம் எழுதுபவரின் கடையில் தம்பியும் தங்கையும் எந்த மூலை யாருக்கு என்று கத்திக்கொண்டிருக்க, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டேன். ஒரு பாதை இருநூற்று நாற்பது சதுர அடி, மற்றது நூற்று அறுபது, ஆக நானூறு. மீதியை நாலாகப் பிரித்தால் தலைக்கு ஐந்நூறு. முழுசாக வந்த அந்த எண்ணைக் கேட்டதும் சண்டை நின்றது. எனக்கும் மூளை நின்றுவிட்டது. பாதைகள் சந்திக்கிற நாலுக்கு நாலு சதுரத்தை இரண்டு தடவை எண்ணியிருந்தேன், பத்திரத்திலும் அதுவே ஏறிவிட்டது. நடுச் சதுரத்தைக் கழிக்கவில்லை என்று இருபது வருஷமாகப் பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மையில் எழுதுகிற கை இது, பாழாய்ப்போன கை.

தங்கை வீடு கட்ட அனுமதி கேட்டபோது குட்டு வெளிப்பட்டது. சர்வேயர் அளந்தால் பாதை முந்நூற்று எண்பத்து நாலு, ஒவ்வொரு பங்கும் ஐந்நூற்று நாலு. நாலு பேரும் திருத்தல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி என்றார்கள். அண்ணன் உடனே போட்டார். தம்பி மாட்டேன் என்றான். அவன் பங்கு உள்ளே, கடல் பக்கம். தெருவுக்கு வர அந்தப் பாதையை விட்டால் வேறு வழியில்லை. அதில் பதினாறு அடி குறைகிறதே, அதை யாருக்கு எழுதப்போகிறீர்கள் என்று கேட்டான். தங்கையோ தன் மூலையில் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, இரண்டு குழந்தைகளோடு தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறாள். ஐப்பசி பிறக்கப் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போய், சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் படம் போட்டேன். நிலத்தில் ஓர் அங்குலமும் நகராது, தப்பு காகிதத்தில்தான் என்று வகுப்பில் சொல்வதைவிடப் பொறுமையாகச் சொன்னேன். குனிந்து பார்த்தான். நடுச் சதுரத்தில் விரலை வைத்து, அவனே ஒரு தடவை எண்ணிக்கொண்டான். அப்பாடா, புரிந்துவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது.

"நல்லாப் புரியுதுக்கா," என்றான். "இவ்ளோ தெளிவாத் தெரிஞ்சவ, அன்னிக்கு மட்டும் எப்படித் தப்பாப் போட்ட?"

"மறந்துட்டேன்டா."

சொல்லும்போதே என் காதுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது. விளக்க விளக்க நானே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

பையில் போன் அடித்தது. தங்கைதான். தம்பி உள்ளே போனான், பேனா எடுக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். ஈரத்துணியோடு வந்து, தரையைத் துடைத்தான்.