கம்பளி போர்த்திய கணினி

மழைக்குத் தேயிலைத் தோட்டத்து ஆண்கள் தலையோடு போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மருமகள் சிரித்த சிரிப்புத்தான் நினைவுக்கு வரும்.

அவள் யாழ்ப்பாணத்துப் பெண். பதுளையில் கணினி படிப்பிக்க வந்தவள், என் மகனைக் கட்டிக்கொண்டு நமுனுகுலையில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கே வந்துவிட்டாள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். என் வீட்டில், படிப்பித்துக்கொண்டே பட்டமும் படிக்கும் மருமகள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் இதை நாலு பேரிடம் சொல்லாமல் நான் திரும்பியதே இல்லை.

அவள் பாடத்தை எனக்கு விளங்கும்படி சொல்வாள். வங்கிக்கும் கடிதத்துக்கும் கணினிக்குள் பூட்டு உண்டாம். இரண்டு எண்களைப் பெருக்கி அதைச் செய்கிறார்களாம். பெருக்குவது சுலபம், பிரிப்பதுதான் பாடு. இரண்டு மலைக் கொழுந்தை ஒரே சாக்கில் கொட்டினால் யார் பிரிப்பது? ஆனால் குவாண்டம் என்றொரு கணினி வந்தால் பிரித்துவிடுமாம். கொழுந்து பறிக்க நாங்கள் இத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று முறை வைத்து அதே மலைக்குத் திரும்பி வருவதுபோல, கணக்கும் ஒரு முறை வைத்துத் திரும்பி வருகிறதாம். அந்த முறையைப் பிடித்தால் பூட்டு திறந்துவிடும். அந்தக் கணினிக்கு நாங்கள் எங்கே போவது? அதன் வேலையை வீட்டுக் கணினியில் செய்து காட்டினால்தான் அவளுக்குப் பட்டம்.

காட்ட வேண்டிய நாளுக்கு முதல்நாள், பெரிய எண் ஒன்றைக் கொடுத்து ஓடவிட்டு, மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனாள். மத்தியானமே பனி இறங்கிக் கூரைத் தகரம் சொட்டத் தொடங்கியது. என் வீட்டுக்காரர் தன் கம்பளியை எடுத்துக் கணினியை இடுக்கில்லாமல் போர்த்திவிட்டார். அவள் வந்து பார்த்தபோது பெட்டி கொதித்து அணைந்து கிடந்தது.

"ஐயோ மாமா, இதுக்கு மூச்சு விட வேணுமே!" அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"நனைஞ்சுருமேன்னு போத்துனேன்மா. குளிருமேன்னும் நெனச்சேன்."

"குளிருமோ?" என்று கேட்டவள் சிரித்தாள் பாருங்கள், பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பெட்டி ஆறியதும் உயிர் வந்தது. பெரிய எண்ணுக்கு நேரமில்லை, பதினைந்தைக் கொடுத்தாள். மூன்று, ஐந்து என்று பிரித்துக் கொடுத்தது.

"இதுக்கா இம்புட்டு கரண்டு? நம்ம கங்காணி வெரல விட்டு எண்ணியே சொல்லியிருப்பாரே!" என்றார் இவர்.

மறுநாள் பெட்டியை அதே கம்பளியில் சுற்றி பஸ் ஏறினோம்.

"உள்ள யாரு, கொழந்தையா?" என்றான் கண்டக்டர்.

"ஆமா தம்பி, கணக்குப் பாக்குற கொழந்த" என்றார் இவர்.

பதினைந்தோடு ஏன் நின்றாய் என்று பரீட்சிக்க வந்த பெரியவர் கேட்டது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. அவள் கம்பளிக் கதையை ஒளிக்காமல் சொன்னாள். அவர் சிரித்து முடியும்வரை காத்திருந்துவிட்டு, "எண் கொஞ்சம் நீண்டாலே வேலை இரட்டிச்சு இரட்டிச்சுப் போகும், சேர். இந்தப் பெட்டியால பெரிய பூட்டைத் திறக்க ஏலாது. ஆனா கள்ளர் இண்டைக்குப் பூட்டோட களவெடுத்து வச்சதை, அந்தக் கணினி வந்த பிறகு திறப்பினம். அதுக்கு முதலே பூட்டை மாத்த வேணும்" என்றாள். பட்டம் கிடைத்தது.

இப்போது கொழும்பில் அவளுக்கு அந்தப் பூட்டு மாற்றுகிற வேலைதான். லீவுக்கு வந்தாலும் மடியில் கணினி இருக்கும். இவருக்கு வயதாகிவிட்டது, எப்போதும் குளிர். அந்தக் கம்பளியோடுதான் உட்கார்ந்திருப்பார். அவள் கணினியைத் திறந்ததும் மெல்ல எழுந்து அடுப்படிப் பக்கம் நகர்வார்.

"எங்க மாமா போறியள்?"

"நீ வேலையப் பாரும்மா. கம்பளி ஆகாது அதுக்கு."