படுத்தபடி காஜா எடுக்கும் மாஸ்டர்

துணி வெட்டும் மேசையில் மல்லாந்து படுத்து, சட்டையை நெஞ்சின்மேல் விரித்துக்கொண்டு காஜா எடுப்பார் தையல் மாஸ்டர். பட்டன் நுழைகிற துளைக்கு ஓரம் கட்டும் வேலை அது. ஊசி ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசும். வாடிக்கையாளர் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். தலையை மட்டும் திருப்பி, "என்ன, கொஞ்சம் இளைச்சிட்டீங்க போல?" என்று ஆரம்பிப்பார். இந்தக் கோலத்தைப் பார்த்து அவருக்கு ‘மெத்தை மாஸ்டர்’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. மெத்தையைத்தான் காணோம் என்பார்.

வருத்தமெல்லாம் மனைவியால்தான். மாஸ்டர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும், உதடு கறுக்கும். படுத்தால் பழைய ஆளாகிவிடுவார். மற்றவர்களுக்குப் படுத்தால் மூச்சு வாங்கும், இவருக்கு எல்லாம் தலைகீழ். அதனால் தையல் மிஷினோடு மனைவிதான் மாரடிக்கிறார். இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றே வந்தது. "படுத்தா பேச்சு, உட்காந்தா மூச்சா? உடம்பு வணங்கல, அதுக்கு ஒரு சாக்கு" என்பார் மனைவி. நாம்தான் நடிக்கிறோமோ என்று மாஸ்டருக்கே சந்தேகம் தட்டியிருந்தது.

கடைசியாக எக்கோ எடுத்த டாக்டரம்மாவும் முதலில் படுக்க வைத்துத்தான் பார்த்தார். வழக்கம்போல எல்லாம் சரியாக இருந்தது. "எப்ப மூச்சு முட்டுதோ அப்பத்தானே பாக்கணும்" என்று கட்டில் விளிம்பில் உட்கார வைத்தார். விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்சிஜன் எண் மளமளவென்று இறங்கியது. நுண்குமிழிகள் கலந்த உப்புநீரைக் கை நரம்பில் ஏற்றியதும், திரையில் இதயத்தின் வலப்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்தன. நுரையீரலுக்குப் போக வேண்டிய புள்ளிகளில் பாதி, நடுச்சுவரைத் தாண்டி இடப்பக்கம் பாய்ந்தன.

சுவரில் பிறவியிலிருந்தே சின்னத் திறப்பு இருக்கிறது என்றார் டாக்டரம்மா. படுத்தால் மூடிக்கொள்ளும், நிமிர்ந்தால் இதயம் லேசாகச் சரிய, அது திறந்துவிடும், ஆக்சிஜன் ஏறாத ரத்தம் அப்படியே உடம்புக்குப் போய்விடும். தொடை வழியாகக் குழாய் விட்டு, பட்டன் போன்ற ஒன்றை வைத்து அடைத்துவிடலாமாம். பிறகு மிஷினில் உட்காரலாமாம்.

மாஸ்டருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இதயத்தில் ஓட்டை என்று கேட்டு இப்படி மலர்ந்த முகத்தை டாக்டரம்மா பார்த்திருக்க மாட்டார். மூச்சு வாங்கியபடியே மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா... நெசமாவே ஓட்டை" என்றார்.

மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு படம் வேண்டும், அப்படியே உட்கார்ந்திருங்கள் என்றார் டாக்டரம்மா. அது காதில் விழாதவர்போல மனைவி கட்டிலருகே வந்தார். ஒரு கையைக் கணவரின் பிடரிக்குக் கொடுத்து, மறு கையால் தோளைப் பிடித்து, மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தார்.