பக்கத்து வீட்டுக் கிளி

புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். மகளோடு இருப்பதற்காகப் பிரான்சுக்குக் கிளம்பியபோது தன் பச்சைக்கிளியை என்னிடம் விட்டுப் போனார்.

"பத்திரமா பாத்துக்க தம்பி. அதுக்கு என்னைத் தவிர யாரையும் தெரியாது."

அன்றிலிருந்து கிளி சாப்பிடவில்லை. கொய்யா, மிளகாய், ஊறவைத்த கடலை, எதையும் தொடவில்லை. தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. சில நாளில் நெஞ்சில் தோல் தெரிந்தது. அக்காவின் குரலைப் போனில் கேட்க வைத்தேன். கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி அவரைத் தேடியது. மறுபடி அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

தெருக்கோடி அரசமரத்தில் மாலையில் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கும். அந்தச் சத்தத்துக்கு மட்டும் இது தலையைத் தூக்கும். என் கண் முன்னால் பட்டினி கிடந்து சாவதைவிட, தன் இனத்தோடு போய்ச் சேரட்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு காலை மாடியில் கூண்டைத் திறந்து வைத்தேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்தது. கைப்பிடிச் சுவரிலிருந்து பறக்கப் பார்த்து, பக்கத்துத் தகரக் கூரையில் போய் விழுந்தது. உடனே காக்கைகள் சூழ்ந்துகொண்டன. கிளி ஓடவில்லை. அக்கா காலையில் சொல்லும் வணக்கத்தை, "போன்ழூர், போன்ழூர்" என்று கத்திக்கொண்டே இருந்தது.

சுவர் தாண்டிக் கூரையில் தவழ்ந்து போய்த் துண்டால் அதை மூடி எடுத்தேன். கிளியின் ஒரு கண்ணோரம் ரத்தம்.

கால்நடை மருத்துவர் சிறகை விரித்துப் பார்த்தார். "சின்னதுலேர்ந்தே றெக்கைய வெட்டியிருக்காங்க. மூட்டு போயிடுச்சி. இனிமே பறக்காது சார்."

"அப்ப நான் என்னதான் பண்றது டாக்டர்?"

"வீட்ல வெச்சிருந்தா சட்டப்படி தப்பு. வெளிய விட்டா ஒரு நாள் தாங்காது. வனத்துறையில ஒப்படைச்சிடுங்க."

வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே அறை அளவுக் கூண்டில் பறக்க முடியாத கிளிகள் நிறைய இருந்தன. உள்ளே விட்டதும் இது மூலைக்குப் போய் எல்லாருக்கும் முதுகைக் காட்டி ஒட்டிக்கொண்டது.

"சாப்பிடுமா?" என்று ஊழியரிடம் கேட்டேன்.

"சிலது சாப்பிடும் சார்" என்றார்.

அன்று மாலை அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான்தான் தம்பி வெட்டுனேன். பறந்து போயிடுமோன்னு பயம்."



மறுவாரம் போய்ப் பார்த்தேன். உயிரோடு இருந்தது. கொஞ்சம் கடலை தின்கிறது என்றார்கள். மூலையை விட்டு மட்டும் வரவில்லை.