எங்கள் வீட்டுத் தண்ணீரின் ரிப்போர்ட்

சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். காலையில் ரத்தம் எடுப்பேன், சாயங்காலம் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு ரத்தம் கொடுத்தவர் கையில் கொடுப்பேன். சர்க்கரையோ பொட்டாசியமோ எகிறியிருந்தால் சாயங்காலம் வரை காத்திருக்க மாட்டோம். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய் போன் செய்ய வேண்டும். போன் வரவில்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இந்தப் பழக்கத்தால்தான் நான் ஏமாந்தேன்.

வீடு கடலூரில், முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் சாலையில் ரசாயனக் கம்பெனிகள் இருக்கிற பக்கம். என் தங்கை ஏழாம் மாதத்தில் பிரசவத்துக்கு வந்த வாரம், எங்கள் போர் தண்ணீர் மஞ்சளாக வந்தது. மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம். தெருவே சேர்ந்து புகார் கொடுத்ததும் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். எந்தத் துறை என்று எழுதப்போவதில்லை. அவர்கள் மறைத்ததற்கு முன்னால் நான் மறைக்கிற இது ஒன்றுமே இல்லை. எங்கள் போரில் இரண்டு பாட்டில் பிடித்து லேபிள் ஒட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். லேபிளில் கதவு எண் சரியா என்று தொழில் புத்தியில் நான் பார்த்துக்கூடச் சொன்னேன்.

ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டேன்.

"எதுனா இருந்தா நாங்களே வந்து சொல்லிட மாட்டோமா? பயப்படாதீங்கம்மா. கொதிக்க வச்சி ஆத்திக் குடிங்க" என்றார் அவர்களில் பெரியவர்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி வேண்டாமா? எனக்கு இல்லை. பத்து நாளில் மஞ்சள் போய்விட்டது, வாடையும் இல்லை. யாரும் வரவில்லை, போனும் இல்லை. சரி, நல்ல ரிப்போர்ட்தான் என்று நானே முடிவு கட்டினேன். தங்கை அந்தத் தண்ணீரைக் குடித்தாள். பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை என்று பால் பவுடர் வாங்கினோம். அதே போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கலக்கி, பல நாள் நானே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம் மாதம் குழந்தைக்கு எடை ஏறவில்லை. குடித்ததையெல்லாம் கக்கியது, முகம் வெளுத்துப் போனது. டாக்டர் எங்கள் தெருப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி டெஸ்ட் எடுத்தாங்களா? அந்த ரிப்போர்ட்டக் கொண்டாங்க. எதத் தேடணும்னு தெரியாம இந்தப் பச்சப் புள்ளகிட்ட எவ்ளோ ரத்தம் எடுக்கறது?"

அன்றே கேன் தண்ணீருக்கு மாறினோம். நடுவில் மழை பெய்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்களாகப் பரிசோதனைக்குக் கொடுத்த தண்ணீர் சுத்தம் என்று வந்தது. தங்கை குடித்த தண்ணீர் எப்படி இருந்தது என்பது அந்த அலுவலகத்து ஃபைலில் மட்டும்தான் இருந்தது.

போய்க் கேட்டேன். இருக்கிறது, ஆனால் தருவதற்கில்லை என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதையும் எழுதி அடிக்கோடு போட்டேன். மூன்றாம் நாள் அந்த அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"கொழந்த உயிரோடதானம்மா இருக்கு? அப்புறம் எதுக்கு நாப்பத்தெட்டு மணி நேரம்னு போட்டுருக்கீங்க?"

அன்று லேபில் நான் கத்திய கத்தலில், ஊசிக்குக் கை நீட்டியிருந்தவர் கையை இழுத்துக்கொண்டார். கத்தி என்ன பயன்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான் கேட்டது மூன்றாம் தரப்பினரின் வணிக நலன் சார்ந்த தகவலாம். அவர்கள் ஆட்சேபித்திருக்கிறார்களாம். அதனால் தர இயலாதாம். மூன்றாம் தரப்பு என்பது ஒரு கம்பெனி. போர் என் வீட்டில், குடித்தது என் தங்கை, பாட்டிலில் பிடித்தது என் கண் முன்னால். ஆனால் இதில் மூன்றாம் மனுஷி நான்தான். தண்ணீர் சுத்தமாக இருந்திருந்தால் எந்தக் கம்பெனி ஆட்சேபிக்கப்போகிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பூசணிக்காய் ரகசியம் என்று எனக்கே கடிதம் போட்டிருந்தார்கள்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். கம்பெனி சார்பில் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள், நான் நின்றேன். "கொழந்தைக்கு வைத்தியம் பாக்கணும் சார், ஒரே ஒரு பேப்பர்" என்று கம்பெனிக்காரரிடம் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை, அதிகாரியிடமே பேசினார். அங்கும் தள்ளுபடி. பிறகு சென்னையில் தகவல் ஆணையத்துக்கு அடுத்த முறையீடு. அங்கே கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்து, பதிவுத் தபாலில் அந்த ஒற்றைத் தாள் என் கைக்கு வந்தபோது குழந்தைக்கு ஒன்றேமுக்கால் வயது.

ஈயம். இருக்கலாம் என்று சொல்லப்பட்ட அளவைவிட மேலே. குறிப்பில், குடிக்கவும் சமைக்கவும் உகந்ததல்ல. கீழே கையெழுத்து, தேதி. பாட்டில் பிடித்துப் போன ஆறாம் நாள்.

ஆறாம் நாள் அவர்களுக்குத் தெரியும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் எங்கே போகும்? தண்ணீர் சுண்டச் சுண்டச் சேர்ந்துதான் நிற்கும். அவர்களும் படித்தவர்கள்தான். ஜீப்பில் வந்தால் பத்து நிமிடம், போன் என்றால் ஒரு நிமிடம். அவர்கள் யாரையும் என்னால் மன்னிக்க முடியாது. மன்னிக்க எனக்கு விருப்பமும் இல்லை.

டாக்டர் உடனே ரத்தம் பார்க்கச் சொன்னார். என் தங்கை மகளின் கையில் நானே ஊசி குத்தினேன். பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது.

"இவ்ளோ நாள் கழிச்சிப் பாத்தா ரத்தத்துல தெரியாம போவலாம். எலும்புல போய்ப் படிஞ்சிருக்கும். இந்த ரிப்போர்ட் அப்பவே வந்திருந்தா எதுனா பண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

குழந்தை நடக்கிறாள், ஓடுகிறாள். பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. சில பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியும் இருக்கலாம். எதனால் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்கு, தங்கையின் மாமியார் வீட்டுக்குப் போனேன். ஈயம், அளவு, குறிப்பு எதையும் அவள் படிக்கவில்லை. தேதி இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இந்தத் தேதில நான் இன்னும் புள்ளயே பெக்கலயே."

விரலை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ லேப்லதான வேல பாக்குற. உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

தெரியாது என்றேன். அவள் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.